ஒரு பையன் அதிகம்

ஹால்வர் உயர்நிலைப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்துச் சுவரில் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது. "ஆர்டித் வாங்லர். பேட்ஜர் குடும்பத்தின் தாய். ஃபுட்பாலை உயிராக நேசித்தவர். வெற்றியிலும் தோல்வியிலும் நம் பையன்களின் பக்கம் நின்றவர்" என்று அதில் பொறித்திருக்கிறார்கள். பேட்ஜர் என்பது வளை தோண்டி வாழும் ஒரு சிடுமூஞ்சிப் பிராணி. எங்கள் அணிக்கு அதன் பெயரைத்தான் வைத்திருந்தோம், காரணத்தோடுதான்.

இந்த ஃபுட்பால் காலால் உதைக்கும் ஆட்டம் இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு முட்டி மோதி ஓடும் அமெரிக்க ஆட்டம். ஆர்டித் தன் வாழ்நாளில் ஒரு ஆட்டத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. "ஒரு தடவ முட்டிக்கறானுங்க, உடனே வட்டமா நின்னு பேசறானுங்க. மறுபடி ஒரு முட்டு, மறுபடி பேச்சு. இதுக்கு டிக்கெட் வேற" என்பாள். பக்கத்தில் நின்றாள் என்பதும் சரியில்லை. வேலிக்கு வெளியே காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தகட்டையும் அவள் பார்த்ததில்லை. இனிமேல் பார்க்க நினைத்தாலும் கூடம் பூட்டிக் கிடக்கிறது. ஹால்வர் பிள்ளைகள் இப்போது காலையில் பஸ் ஏறி ரெண்டலுக்குப் படிக்கப் போகிறார்கள்.

அவள் தானியக் கிடங்கின் எடைமேடையில் வேலை பார்த்தாள். டகோட்டாவில் எங்கள் பக்கத்துக் கோதுமை முழுவதும் அந்த மேடை மேல் ஏறித்தான் ரயிலுக்குப் போகும். லாரி வந்து நிற்கும், ஆர்டித் ஜன்னலைத் தள்ளி, எடையைச் சொல்லி, ஜன்னலை மூடுவாள். ஊரில் எல்லோரையும் அவளுக்குத் தெரியும். ஊருக்கோ அவளுடைய ஜன்னல் மட்டும்தான் தெரியும். கணவன் மேற்கே எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனான், அந்த வேலை நிரந்தரமாகிவிட்டது. மகன் டேரினுக்கு எட்டு வயதில் மாடிப்படி ஏறமுடியாமல் போயிற்று. தசைகள் ஒவ்வொன்றாக வேலையை விட்டு நின்றுகொள்ளும் வியாதி. முதலில் கால்கள், பிறகு கைகள், கடைசியில் நெஞ்சு.

இந்தப் பையன்தான் ஃபுட்பால் பைத்தியம். சக்கர நாற்காலியில் கோட்டோரம் உட்கார்ந்து, யார் எத்தனை தூரம் ஓடினான், யார் பந்தைக் கோட்டைவிட்டான் என்று மூன்று வருஷம் அணிக்குக் கணக்கு வைத்தான். விரல் எழுத மறுத்தபோது வாயால் சொன்னான், மாற்று ஆட்டக்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். பயிற்சியாளர் ராஜர் ஷாட்ஸ் தன் ஆட்களைவிட அவனைத்தான் அதிகம் நம்பினார். அவர் ஆட்களைப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது.

எங்கள் மாநிலத்தில் பள்ளிகளை விளையாட்டுக்காகப் பிரிவு பிரிவாக வைத்திருக்கிறார்கள். பெரிய பள்ளி பெரிய பள்ளியோடு மோதட்டும், சின்னது சின்னதோடு மோதட்டும் என்கிற நியாயமான எண்ணம். எந்தப் பள்ளி எந்தப் பிரிவு என்பதை அங்கே படிக்கிற பையன்களின் எண்ணிக்கை முடிவு செய்யும். எண்ணிக்கை ஒரு எல்லைக்கோட்டுக்குக் கீழே இருந்தால் ஒன்பது பேர் ஆட்டம், மேலே போனால் பதினோரு பேர் ஆட்டம். அக்டோபரில் ஒரு நாள் எண்ணுவார்கள். அடுத்த இரண்டு வருஷத்துக்கு அந்த எண்தான் பேசும். இடையில் பையன் ஊர் மாறலாம், படிப்பை விடலாம், சாகலாம். எண் மாறாது.

ஹால்வரில் அணிக்கு ஆள் போதவில்லை. பத்து மைல் தள்ளி இருக்கும் பிராண்டிலும் போதவில்லை. இரண்டு ஊரும் ஒன்றையொன்று ஐம்பது வருஷம் வெறுத்த பிறகு, வெறுப்பதற்குக்கூட ஆள் பற்றாமல், அணியை ஒன்றாகச் சேர்த்தன. சட்டையின் நிறத்துக்கு மூன்று கூட்டம் போட்டார்கள். ஆனால் சேர்ந்து ஆடினால் இரண்டு பள்ளிப் பையன்களையும் கூட்டித்தான் எண்ணுவார்கள். தனித்தனியாக இருந்தால் அணியே இல்லை, சேர்ந்தால் கோட்டுக்கு மேலே ஒரு பையன் அதிகம். இந்த விதியை எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் ஹால்வரைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அந்த ஒரு பையன் யார் என்பதை முதலில் கண்டுபிடித்தவன் டேரின். பதினொன்றாம் வகுப்பு தொடங்கியிருந்தது, ஆனால் அவன் பள்ளிக்குப் போவது நின்றிருந்தது. முன்னறையில் படுக்கை, பக்கத்தில் மூச்சு இயந்திரம். ஆசிரியர்கள் பாடங்களைக் கொடுத்தனுப்பினார்கள், சில வாரம் மறந்தும் போனார்கள்.

"அம்மா, கோச் வருவார் பாரு."

"எதுக்கு? உன்னப் பாக்கவா?"

"ரெண்டு ஸ்கூலையும் கூட்டிப் பாத்தேன். ஒருத்தன் அதிகம். யார எடுத்தா டீமுக்கு நஷ்டமில்ல, யோசி."

"வாய மூடிட்டு சூப்பக் குடி."

"ரெண்டையும் ஒரே நேரத்துல செய்ய முடியாதும்மா."

கோச் வந்தார். கூடவே பள்ளி நிர்வாகி ஓடெகார்டும் வந்தார். கோச்சின் கையில் பிளம் பழம் வைத்துச் சுட்ட கூக்கன் கேக் ஒன்று, வெள்ளைத் துணி மூடியிருந்தது. எங்கள் பக்கத்தில் கூக்கன் கல்யாணத்துக்கும் வரும். ஆனால் துணி மூடி, ஆண்கள் கையில் வந்தால் அது வேறு சங்கதி.

"போனி குடுத்தனுப்பினா" என்றார் கோச். போனி அவர் மனைவி.

"போனி எங்க வீட்டுக்குக் கூக்கன் குடுத்து ஆறு வருஷம் ஆச்சு. யார் செத்தா?"

கோச் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவரும் ஆர்டித்தும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஓடெகார்ட்தான் தொடங்கினார்.

"மிஸஸ் வாங்லர், நீங்க இதத் தப்பா எடுத்துக்கக் கூடாது."

"முதல்ல சொல்லுங்க. தப்பா சரியான்னு அப்புறம் பாக்கலாம்."

அவர் சொன்னார். டேரினின் பெயரை எண்ணும் நாளுக்கு முன்னால் ஹால்வர் பதிவிலிருந்து எடுக்கவேண்டும். வீட்டில் இருந்து படிக்கிறான் என்று காட்ட முடியாது, அப்படிப்பட்ட பையனும் சொந்த ஊர்க் கணக்கில்தான் வருவான். வேறு பள்ளிக்கு மாற்றினால்தான் உண்டு. ரெண்டல் இருக்கிறதே, பெரிய பள்ளி, எங்கேயோ மேல் பிரிவில் ஆடுகிறது. அங்கே ஒரு பெயர் கூடினால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

"ரெண்டலா?" என்றாள் ஆர்டித். ஃபுட்பால் தெரியாதவளுக்குக்கூட ரெண்டல் என்றால் என்ன என்று தெரியும். எங்களைப் பார்த்து மாட்டுக் கத்தல் கத்தும் ஊர்.

"பேப்பர்ல மட்டும்தான்" என்றார் ஓடெகார்ட். "மார்ச்சுக்குள்ள மாநில விளையாட்டுச் சங்கத்துலேர்ந்து பட்டியல் வந்துடும். வந்த மறுநாளே திரும்பச் சேத்துக்கறோம். அடுத்த வருஷம் ஸ்கூல் முடிக்கறப்போ நம்ம பசங்களோட, நம்ம மேடையில, நம்ம அங்கி போட்டுப் பட்டம் வாங்குவான். அதுக்கு நான் பொறுப்பு."

"அவன் க்ளாஸுக்கே வர்றதில்ல, ஆர்டித்" என்றார் கோச், மெதுவாக. "பேர் மட்டும்தான இருக்கு."

"அவன்கிட்ட மிச்சம் இருக்கறதே அதுதான், ராஜர்."

கோச் கூக்கனை மேஜை மேல் வைத்தார்.

கோச் கெட்டவர் இல்லை. அப்படி இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்வது சுலபம். முன்னே ஒருமுறை ஹால்வர் பதினோரு பேர் ஆட்டத்தில் மாட்டிக்கொண்டது. மாற்று ஆள் கிடையாது, பதினாலு வயதுப் பொடியன்கள் மீசை முளைத்த ஆட்களோடு மோதினார்கள். மூன்றாவது வாரத்தில் டீன் ஃபைஸ்டின் கழுத்தெலும்பு போயிற்று. இன்றைக்கும் அவன் தலையைத் திருப்பவேண்டுமென்றால் உடம்பையே திருப்புவான்.

"டீனோட அம்மா பக்கத்துல ஆஸ்பத்திரியில நின்னேன்" என்றார் கோச். "இன்னொரு தடவ அங்க போய் நிக்க என்னால முடியாது. உன்னக் கெஞ்சறதே மேல்னு வந்தேன்."

"கெஞ்சறதுக்கு இவர எதுக்குக் கூட்டிட்டு வந்த?"

"தனியா வர பயமா இருந்துது."

அப்போது முன்னறையிலிருந்து குரல் வந்தது. இயந்திரம் மூச்சு கொடுக்கும் இடைவெளியில்தான் அவன் பேசமுடியும்.

"கோச், கதவத் தொறந்து வைங்க. என்னப் பத்திப் பேசறப்போ எனக்கும் கேக்கணும்."

திறந்து வைத்தார்கள்.

"கையெழுத்துப் போடும்மா" என்றான் டேரின். "மூணு வருஷமா டீம்ல இருக்கேன், ஒருத்தனக்கூடத் தடுத்து விழ வச்சதில்ல. இது ஒண்ணாவது என் கணக்குல இருக்கட்டும்."

கோச் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆர்டித் மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மேடையில பட்டம். நீங்க சொன்னது" என்றாள் ஓடெகார்டிடம்.

"சத்தியமா."

அவள் கையெழுத்துப் போட்டாள். கூக்கனை அவர்கள் விட்டுவிட்டுப் போனார்கள். டேரினால் கெட்டியாக எதையும் விழுங்க முடியாது. அவள் நின்றபடியே ஒரு துண்டு தின்று, மீதியைப் பறவைகளுக்குப் போட்டாள்.

இதில் ஒரு தவறு நடந்தது. ரெண்டல்காரர்கள் அந்தக் காகிதத்தை நம்பிவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சின்னக் கார் பனிச்சேற்றில் வழுக்கியபடி வந்து வாசலில் நின்றது. கண்ணாடி போட்ட ஒரு பெண் பெட்டி நிறையப் புத்தகங்களோடு இறங்கினாள்.

"நான் மிஸ் பெலாஞ்சர். ரெண்டல் ஸ்கூல்லேர்ந்து வர்றேன். டேரின் இருக்கானா?"

ஏதோ விசாரணை என்று ஆர்டித் நினைத்தாள். "இருக்கான். எழுந்து எங்கயும் போறதில்ல. நீங்க எதுக்கு வந்தீங்க?"

"பாடம் நடத்தத்தான். எங்க பையனாச்சே."

பேப்பரில் மட்டும்தான் உங்கள் பையன் என்று சொல்லமுடியாது. சொன்னால் அணி போயிற்று. ஆகவே ஆர்டித் கதவைத் திறந்துவிட்டு, காபி போட்டாள். பொய்யைக் காப்பாற்றுவதற்காக ஒரு நல்ல காரியத்தை வீட்டுக்குள் அனுமதிக்கவேண்டி வந்தது. வாரத்துக்கு இரண்டு நாள், நாற்பது மைல், மிஸ் பெலாஞ்சர் வந்தாள். சரித்திரமும் பொருளாதாரமும் நடத்தினாள், அவன் வாயால் சொன்ன பதில்களை எழுதிக்கொண்டாள், தப்பு என்றால் மதிப்பெண்ணைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் குறைத்தாள். ஹால்வரில் இரண்டு வருஷமாக எல்லாப் பாடத்திலும் அவனுக்கு முழு மதிப்பெண் போட்டிருந்தார்கள்.

"பொருளாதாரத்துல என்ன ஃபெயில் பண்ணிட்டாங்கம்மா" என்றான் டேரின். அந்த வருஷம் அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் பார்த்ததில்லை.

அவன் ஆட்டக் கணக்கு வைத்தவன் என்று மிஸ் பெலாஞ்சர் ரெண்டலில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அடுத்த ஞாயிறு இரண்டு பையன்கள் தங்கள் ஆட்டங்களின் வீடியோ நாடாக்களை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவன் வாசலில் குனிந்துதான் உள்ளே வரமுடிந்தது. பெயர் ப்ரூனர். டேரின் அரைமணி நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "உங்க இடது கோடியில நிக்கறவன் யாரு? பந்து வர்றதுக்கு முன்னாடியே பின்னங்காலத் தூக்கறான். எதிராளி குருடனா இருந்தாக்கூடக் கண்டுபிடிச்சுடுவான்" என்றான்.

"அது நான்தான்" என்றான் ப்ரூனர்.

"மன்னிச்சுக்கோ. காலத் தூக்காத."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் யாராவது வந்தார்கள். ஆர்டித்தின் குளிர்பெட்டியைக் காலி செய்தார்கள். போகும்போது ஹால்வர் என்ற பெயரைக் கேட்டு, பழக்கதோஷத்தில் மாட்டுக் கத்தல் கத்துவார்கள். டேரின் திட்டுவான். பிறகு அவனே சிரிப்பான்.

ஹால்வர் பையன்கள் ஒருவரும் வரவில்லை. கோச் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: பட்டியல் வரும்வரை அந்த வீட்டுப் பக்கம் போகவேண்டாம். மாற்றம் வெறும் காகிதம் என்று எவனாவது ஒரு பக்கத்து ஊர்க்காரன் சங்கத்துக்கு எழுதிப்போட்டால் எல்லாம் கெட்டது. இதிலும் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் அந்தக் குளிர்காலம் முழுக்க எல்லோரிடமும் நியாயம் இருந்தது. பந்து வீசுகிறவன் கர்ட் மட்டும் சில மாலைகளில் தன் வண்டியில் அந்தத் தெருவில் மெதுவாகப் போவான்.

"கர்ட் வண்டி" என்பான் டேரின், கண்ணைத் திறக்காமல். "சைலன்சர இன்னும் மாத்தல."

சத்தம் வாசல்வரை வரும், கொஞ்சம் தயங்கும், தேய்ந்து போகும். டேரின் அது முழுசாக மறையும்வரை காது கொடுத்திருப்பான்.

பிப்ரவரி தொடக்கத்திலேயே பட்டியல் வந்துவிட்டது. ஒன்பது பேர் ஆட்டம் உறுதி. கோச் அதை மேஜை இழுப்பறையில் வைத்தார். கூடைப்பந்துப் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன. அவை முடியட்டும், எல்லாப் பையன்களையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் போகலாம் என்றார். ஓடெகார்டும் மறுசேர்ப்புக் காகிதத்தைத் தயார் செய்யச் சொல்லியிருந்தார், அவசரமில்லை என்ற குறிப்போடு.

கடுங்குளிர் ஒன்று வந்து ஒரு வாரம் உட்கார்ந்தது. டேரினின் நெஞ்சில் சளி கட்டியது. இயந்திரம் ஊதியது, உள்ளே போகவில்லை. மிஸ் பெலாஞ்சர் பாடத்துக்கு வந்தபோது ஆம்புலன்ஸ் போய்விட்டிருந்தது. அவள் ஆஸ்பத்திரிக்கு வந்து, நடைபாதையில் ஆர்டித்தோடு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் அவன் போனான்.

மறுநாள் கோச்சும் ஓடெகார்டும் வந்தார்கள். கூக்கனும் வந்தது. இந்தத் தடவை யார் செத்தார்கள் என்று அவள் கேட்கவில்லை.

"அவன் சட்டை ஒண்ணு தச்சு வச்சிருக்கோம்" என்றார் கோச். "பெட்டி மேல போர்த்தணும். நம்ம பசங்க ஆறு பேர் தூக்குவாங்க. கர்ட் முன்னாடி நிப்பான், அவனே கேட்டான். பட்டியல் வந்தாச்சு, ஆர்டித். இனிமே பயமில்ல."

"எப்ப வந்துது?"

ஓடெகார்ட் சொன்னார், ரொம்ப நேர்மையான மனிதர்: "பத்து நாள் இருக்கும்."

"பத்து நாள்" என்றாள் ஆர்டித்.

"அவன் பேரத் திரும்ப நம்ம பதிவுல சேத்துடறோம். தேதிய முன்னாடி போட்டுக்கலாம். இப்ப சேத்தா யாருக்கும் நஷ்டமில்ல. நம்ம மாணவனாவே…"

"அவன் ரெண்டல் மாணவன்."

"அது பேப்பர்லதான, ஆர்டித்" என்றார் கோச்.

"பேப்பர்தான் முக்கியம்னு நீங்கதான சொன்னீங்க. பேப்பர்படியே நடக்கட்டும். பசங்கள வரச் சொல்லு, ராஜர். உக்காந்து பாக்கட்டும்."

"கர்ட்கிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"சைலன்சர மாத்தச் சொல்லு" என்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

வாரப் பத்திரிகையில் வந்த மரண அறிவிப்பில் 'ரெண்டல் உயர்நிலைப் பள்ளி மாணவன்' என்று இருந்தது. ஊர் அதைப் படித்தது. காபிக் கடையில் பாதிப் பேர் அவளுக்கு வருத்தத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். மீதிப் பேர் இந்தப் பெண்பிள்ளைக்கு எப்போதுமே கல் நெஞ்சு என்றார்கள். கர்ட்டின் அம்மா அழுதுகொண்டே, "என் பையன் ராத்திரியெல்லாம் தூங்கல. அவனுக்குத் தண்டனை குடுக்கறதுல அவளுக்கு என்ன கிடைக்குது?" என்று கேட்டாள். கர்ட் செய்ததெல்லாம் சொன்னபடி கேட்டதுதான்.

அடுத்த இலையுதிர்காலம் ஹால்வர்-பிராண்ட் அணி ஒன்பது பேர் ஆட்டத்தில் மாநிலப் பட்டம் வென்றது. ஒருவனுக்கும் எலும்பு முறியவில்லை. தீயணைப்பு வண்டியில் பையன்களை ஏற்றி, சைரன் போட்டு, இரண்டு ஊரிலும் சுற்றினார்கள். தானியக் கிடங்கைத் தாண்டும்போது கோச் சைரனை நிறுத்தச் சொன்னார், பையன்கள் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டார்கள். எடைமேடையில் சோள லாரி ஒன்று நின்றிருந்தது. ஜன்னல் திறந்தது, எடையைச் சொன்னாள், ஜன்னல் மூடிக்கொண்டது. அந்த மாதம்தான் தகடு வைத்தார்கள். அழைப்பு அனுப்பினார்கள், அவளுக்கு அன்றைக்கு வேலை இருந்தது. தகட்டின் வாசகத்தை எழுதியவர் ஓடெகார்ட். ஒவ்வொரு சொல்லையும் மனதாரத்தான் எழுதினார்.

அந்தத் தகட்டில் இல்லாதது இது. டேரினின் இறுதிச் சடங்கன்று, சர்ச்சில் வலது பக்க வரிசைகளில் ஹால்வர் பையன்கள் பேட்ஜர் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். இடது பக்கம் ஒரு பஸ் நிறைய வந்த ரெண்டல் பையன்கள், அவர்களோடு மிஸ் பெலாஞ்சர். பிப்ரவரியில் எங்கள் மண்ணைத் தோண்டமுடியாது, பாறையாகிக் கிடக்கும். பெட்டி சர்ச்சிலிருந்து வண்டிக்கு ஒரு தடவை போகும், கல்லறைக் கொட்டகையில் காத்திருக்கும், நிலம் இளகியதும் குழிக்கு இன்னொரு தடவை போகும். ஆர்டித் வாங்லர் அந்த இரண்டு தடவையும் தன் மகனைத் தூக்க ப்ரூனரையும் இன்னும் ஐந்து ரெண்டல் பையன்களையும் கூப்பிட்டாள். இரண்டு தடவையும் ஹால்வர் பையன்களைத் தூக்க விடவில்லை.